வெல்லும் அணியும் அயலூர் வாழ்வும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையிலே இலக்கியம் பேசுவர், இசை பேசுவர், முன்னோர் பெருமை பேசுவர். ஆட்டத்தைப் பற்றி ஓர் உரையா என்று சிலர்க்குத் தோன்றலாம். ஆயினும், ஆண்டுதோறும் பங்குனிக் கடைசியில் தொடங்கி வைகாசி வரையில் நம் காலனியில் எந்த வீட்டு வாயிலில் நின்றாலும் காதில் விழுவது கிரிக்கெட் பேச்சுத்தான். அந்தி விளக்கை ஏற்றிய கையோடு தொலைக்காட்சியின் முன் அமரும் பாட்டிமார் நம்மிடையே உளர். அலுவலகத்தில் அளந்து பேசும் அப்பாமார்கள் அந்த நான்கு மணி நேரத்தில் அண்டை வீடு அதிர முழங்குவதையும் கேட்கின்றோம். இத்தனை வீடுகளில் குடிகொண்டுவிட்ட ஒரு பொருளைச் சங்கம் எண்ணிப் பாராதிருப்பது தகாது.

நாம் இன்று ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி இது. பிறந்த மண்ணைவிட்டு ஏறத்தாழ 1660 கிலோமீட்டர் தொலைவில் வாழ்கின்றோம். நமக்குத் தொழிலும் புகலும் தந்த நகரத்துக்கு ஓர் அணி உண்டு. அவ்வணிக்கு எதிரே நம் தலைநகரின் பெயர் தாங்கிய அணி ஆட வரும்போது, அதற்காக ஆர்ப்பரிக்கின்றோம். அதுவோ எளிய அணி அன்று; வெற்றிமேல் வெற்றி கண்ட அணி. நம் ஆர்ப்பரிப்பில் ஊர்ப்பற்று எவ்வளவு? வெற்றியின்மேல் கொண்ட மோகம் எவ்வளவு?

முதலில் அவ்வணியின் வலிமையை நோக்குவோம். 2008-ஆம் ஆண்டில் இந்தியன் பிரீமியர் லீக் தொடங்கிற்று. அன்று முதல் 2023 வரை சென்னை சூப்பர் கிங்ஸ் அணி 14 தொடர்களில் ஆடியது. அவற்றுள் 10 தொடர்களில் இறுதி ஆட்டத்தை எட்டியது. 2010, 2011, 2018, 2021, 2023 ஆகிய ஐந்து ஆண்டுகளில் கோப்பையைக் கைக்கொண்டது. இடையே 2016, 2017 ஆகிய ஈராண்டுகள், நிர்வாகத்தைச் சார்ந்த ஒருவரின் சூதாட்டத் தொடர்பு காரணமாக அணி விலக்கி வைக்கப்பட்டிருந்தது என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. அன்பு கொண்டவர் குற்றத்தைக் காணாமற் கண்ணை மூடிக்கொள்வது அன்புக்கு அழகன்று.

இனி, இவ்வணி நமக்கு எப்படி உறவாயிற்று என்று பார்ப்போம். இந்த அவையில் சென்னையிற் பிறந்தவர் எத்தனை பேர்? கும்பகோணத்தார் உளர்; நெல்லையார் உளர்; சேலத்தார், மதுரையார், பாலக்காட்டார் உளர். ஊரில் இருந்தவரை சென்னை நமக்குத் தொலைவிலுள்ள பட்டணம். அங்கே போய் வந்தவரைச் சற்று வியப்போடு பார்த்தோமேயன்றி, அதை நம் ஊர் என்று சொந்தம் கொண்டாடியவர் அல்லோம். ஆனால், ஹௌரா நிலையத்தில் பெட்டி படுக்கையோடு இறங்கிய அன்றே தாமிரபரணியும் காவிரியும் வைகையும் கூவத்தோடு கலந்துவிட்டன! இவ்வூரார் பேச்சில் நாமெல்லாரும் ‘மாத்ராஜி’. அந்த ஒரு சொல்லுக்குள் நம் மாவட்டங்கள் யாவும் அடங்கிப் போயின. அவ்வாறு ஒடுங்கிய நமக்குச் ‘சென்னை’ என்று மார்பில் எழுதிய மஞ்சட் சட்டை, விட்டு வந்த ஊர் முழுவதற்கும் அடையாளமாயிற்று.

அயலூர் வாழ்வு என்பது நாள்தோறும் சிறிது சிறிதாக விட்டுக்கொடுக்கும் வாழ்வு. கடையில் வேற்று மொழி. அலுவலகத்தில் வேற்று மொழி. பிள்ளைகள் தமக்குள் விளையாடும்போதும் வேற்று மொழி. லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் காப்பித் தூளும் முருங்கைக்காயும் வாங்கும் அந்த அரைமணி நேரமே பலர்க்கு ஊர் திரும்பிய பொழுது. இவ்வாறு ஓசையடங்கி வாழ்பவனுக்கு, ஆயிரக்கணக்கானோர் நடுவில் தன் ஊரின் பெயரை உரக்கச் சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைத்தால் அவன் விடுவானா? பெரியோர் முன்னிலையில் விசில் அடிப்பது மரியாதைக் குறைவு என்று கேட்டு வளர்ந்தவர் நாம். அவ்விசிலே இன்று ‘விசில் போடு’ என்னும் இரண்டு சொற்களாய் வங்காளச் சிறுவர் வாயிலும் ஒலிக்கின்றது. இதில் மனம் குளிர்வது இயல்பே, குற்றமாகாது.

இந்த உணர்ச்சியை இந்நகரம் நமக்கு முன்பே அறியும். ஈஸ்ட் பெங்கால் கால்பந்துக் கழகத்தின் வரலாற்றை நம் இளைஞர் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டும். கிழக்கு வங்கத்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்து வாழ்ந்தோர் தமக்கென 1920 ஆகஸ்டு முதல் நாளில் அக்கழகத்தை நிறுவினர். 1947-இல் நாடு பிரிந்தது. வீடும் வயலும் ஆற்றங்கரையும் எல்லைக்கு அப்பாற் போயின. ஜாதவ்பூரிலும் விஜயகட்டிலும் காலனி அமைத்துக் குடியேறிய மக்களுக்குத் திரும்பிச் செல்ல ஊர் இல்லை. செந்நிறமும் பொன்னிறமும் கலந்த அந்தச் சட்டையே ஊராயிற்று. அவர்கள் அணி வென்றால் இல்சா மீன். 1889-இல் தோன்றிய மோகன் பகான் வென்றால் இறால். கடைத்தெருவின் மீன் கூடையிலும் ஊர்ப்பற்று ஏறி அமர்ந்த நகரம் இது.

அந்த ஏதிலியரின் அணியை வெல்ல வைத்தவர் யாவர்? 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றது ஈஸ்ட் பெங்கால். அக்காலத்தில் அதன் முன்வரிசையில் நின்ற வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவரையும் இந்நகரத்தார் ‘பஞ்ச பாண்டவர்’ என்று போற்றினர். ஐவரும் தென்னாட்டவர்! பத்மாவின் கரையை இழந்து வந்தவர்கள், விந்தியத்துக்குத் தெற்கேயிருந்து வந்தவர்களின் கால்களிலே தம் ஊரைக் கண்டார்கள். பின்னாளில் தங்கராஜ் என்னும் ஐதராபாத்துக்காரர் முகம்மதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்று கழகங்களுக்கும் கோல் காத்தார். மூன்று கழகத்தாரும் அவரைத் தம்மவர் என்றே கொண்டாடினர்.

இதிலிருந்து நாம் அறிவது யாது? ஓர் அணியை நம்முடையதாக்குவது ஆட்டக்காரரின் பிறப்பிடம் அன்று. அதன்மேல் நாம் வைக்கும் அன்பே. நம் அணியிலும் இதுதானே நடந்தது? 2018 ஏப்ரல் 10 அன்று சேப்பாக்கத்தில் சென்னையும் கொல்கத்தாவும் எதிர்த்து நின்றன. கொல்கத்தாவின் தலைவர் சென்னையைச் சேர்ந்த தினேஷ் கார்த்திக். சென்னையின் தலைவர் ராஞ்சியைச் சேர்ந்த மகேந்திர சிங் தோனி. அவரோ ஒருகாலத்தில் இதே வங்கத்தின் கரக்பூர் நிலையத்தில் பயணச்சீட்டுப் பரிசோதகராய் நின்றவர். 2008-இல் சென்னைக்காக அத்தொடரின் முதல் ‘ஹாட்ரிக்’ எடுத்த பாலாஜி, 2011 முதல் கொல்கத்தாவுக்காகப் பந்து வீசினார். தமிழ்நாட்டு வருண் சக்கரவர்த்தி 2020 முதல் கொல்கத்தா அணியில் ஆடிப் புகழ் பெற்றார். இவ்வாறு கொடுக்கல் வாங்கல் மிக்க இரு குடும்பங்களிடையே பகைக்கு இடம் ஏது?

2018-ஆம் ஆண்டில் இன்னொன்றும் நிகழ்ந்தது. மேற்சொன்ன ஆட்டத்தில் சென்னை 5 விக்கெட்டுகளால் வென்றது. ஆனால், அப்போது தமிழ்நாட்டில் காவிரி நீருக்கான போராட்டம் மூண்டிருந்தது. ஆகவே, சேப்பாக்கத்தில் ஆட வேண்டிய எஞ்சிய ஆட்டங்கள் புணேக்கு மாற்றப்பட்டன. அணியே வீட்டைவிட்டுப் புறப்பட்டது! சென்னையிலிருந்து சிறப்பு இரயில் ஏறிப் புணே சென்று விசில் அடித்த இரசிகர்களும் உண்டு. அவ்வாண்டில் அணிக்கும் நமக்கும் வேற்றுமை இல்லை. இருவரும் அயலூரில் குடியிருந்தோம். அந்த ஆண்டுதான், ஈராண்டு விலகலுக்குப் பின் திரும்பி வந்த அவ்வணி மூன்றாம் முறையாகக் கோப்பையை வென்றது. ஊரைவிட்டு வந்தவன் தாழ்ந்துபோக வேண்டியதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

வெற்றியைப் பேசினோம்; விருந்தோம்பலையும் பேசுவோம். 2023 ஏப்ரல் 23 அன்று ஈடன் கார்டன்ஸ் அரங்கம் கண்ட காட்சியை நம்மிற் பலர் நேரிலே பார்த்தோம். கொல்கத்தாவின் சொந்த அரங்கம் மஞ்சள் நிறத்தில் நிறைந்து வழிந்தது. சென்னை 4 விக்கெட் இழப்புக்கு 235 ஓட்டங்கள் குவித்து 49 ஓட்டங்களால் வென்றது. அன்று மஞ்சள் அணிந்து வந்தவரெல்லாம் தமிழரா? நம் சங்கங்கள் அனைத்தையும் திரட்டினாலும் அவ்வரங்கின் ஒரு மூலையை நிரப்புவது அரிது. தோனியின் ஆட்டத்தை இவ்வரங்கில் இனிக் காணக் கிட்டுமோ கிட்டாதோ என்று எண்ணிய வங்காள மக்களே அன்று மஞ்சள் அணிந்தனர். ஆகவே அதனை நம் வெற்றி என்று மார்தட்டிக்கொள்வது பொருந்தாது. அது இந்நகரத்தின் பெருந்தன்மை. 2012 மே மாதத்தில் சௌரவ் கங்கூலி புணே அணிக்குத் தலைமை தாங்கி ஈடனில் ஆட வந்தபோதும், தன் பிள்ளைக்கா தன் அணிக்கா என்று இந்நகரம் இரண்டுபட்டு நின்றது. இரு பக்கமும் அன்பு வைத்துத் தவிக்கும் மனநிலை இன்னதென்று இவ்வூரார்க்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

அந்த 2012 மே 27-ஐயும் நினைவுகூர வேண்டும். சேப்பாக்கத்தில், நம் வீட்டு முற்றத்தில், இறுதி ஆட்டம். ரெய்னா 73 ஓட்டங்கள் எடுக்க, சென்னை 190 ஓட்டங்கள் குவித்தது. கோப்பை நமதே என்று இருந்தோம். பிஸ்லா என்னும் இளைஞர் 89 ஓட்டங்கள் அடித்தார். 2 பந்துகள் எஞ்சியிருக்கக் கொல்கத்தா முதன்முறையாகக் கோப்பையை வென்றது. அன்றிரவு இந்நகரத்துத் தெருக்களில் வெடி முழக்கம் ஓயவில்லை. மறுநாட் காலையில் அண்டை வீட்டார் சந்தேஷ் நிறைந்த தட்டோடு நம் கதவைத் தட்டினால் நாம் என்ன செய்வது? கதவைச் சாத்திக்கொள்வதா? முகம் வாடியிருந்தாலும் வாங்கி உண்பதே பண்பு. 2021 அக்டோபர் 15 அன்று துபாயில் சென்னை அதே கொல்கத்தாவை 27 ஓட்டங்களால் வென்றபோது, அது விசயதசமித் திருநாள். அம்மனை வழியனுப்பிவிட்டு நெஞ்சு கனத்திருந்த அண்டை வீட்டார் முன்னே நாம் வெடி கொளுத்தியிருந்தால் அது வெற்றியாகுமா? இனிப்பைக் கொண்டுபோய் நீட்டுவதன்றோ நம் முறை!

இனி, இந்த அவையில் சிலர்க்கு உறுத்தக்கூடிய ஒரு செய்திக்கு வருகின்றோம். நம் பிள்ளைகள் பலர் ஊதாச் சட்டை அணிகின்றனர். இங்கே பிறந்தவர்கள், இங்கே பள்ளி சென்றவர்கள், ஈடன் அரங்கின் விளக்கொளியை மாடியிலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள். கொல்கத்தா அவர்களுக்கு அயலூர் அன்று, அதுவே ஊர். ‘குலத்தைக் கெடுக்க வந்தான்’ என்று சில தந்தையர் வேடிக்கையாகவும், சிலர் வேடிக்கையில்லாமலும் சொல்லக் கேட்கின்றோம். நாம் சென்னைக்காகக் குரல் கொடுப்பது எந்த உணர்ச்சியால்? பிறந்த ஊரின்மேல் வைத்த பற்றினால் அன்றோ? அதே பற்றுத்தான் பிள்ளையை ஊதா நிறம் உடுக்கச் செய்கின்றது. தந்தைக்கு அறமாவது மைந்தனுக்குத் துரோகமாகுமா?

பிள்ளையின் சட்டை நிறத்தைப் பற்றி நாம் கவலைகொள்ள வேண்டாம். அவன் நம்மோடு எம்மொழியிற் சண்டையிடுகின்றான் என்பதே நாம் கவலைகொள்ள வேண்டியது. ‘அப்பா, உங்கள் அணி தோற்றுவிட்டது’ என்று அவன் தமிழிலே எள்ளி நகைத்தால் நம் வீட்டில் தமிழ் வாழ்கின்றது. ஐந்து வயதில் மஞ்சட் சட்டை போட்டுக்கொண்டு, பாட்டியிடம் ஒரு வாக்கியம் பேச இயலாமல் நின்றால், அந்த மஞ்சளாற் பயன் என்ன? சாயம் வெளுத்துப் போகும். நாவில் ஏறிய மொழியே நிற்கும். ஓட்டம், பந்து, மட்டை, வெற்றி, தோல்வி என்று ஆட்டத்தின் வழியே வரும் சொற்கள்கூட ஒரு குழந்தைக்குத் தமிழ் வாயிலைத் திறந்துவிடும். ஆட்டத்தைத் தமிழ் வருணனையோடு காண இன்று வழியுண்டு. அந்த நான்கு மணி நேரம் ஒரு தமிழ் வகுப்புக்கு ஈடாகும்.

வெற்றி பெறும் அணியைத் தொலைவில் நின்று போற்றுவதில் மற்றோர் இடர் உண்டு. ஊரில் வாழ்பவனுக்கு அணி வென்றாலும் தோற்றாலும் ஊர் இருக்கின்றது. காலையில் எழுந்தால் அதே தெரு, அதே தேநீர்க் கடை. நமக்கோ ஊரின் பெயரைச் சொல்ல எஞ்சிய பிடிப்புகள் சில. அவற்றுள் வெற்றி ஒன்றையே பற்றிக்கொண்டால், அணி தோற்கும் ஆண்டில் ஊரும் நம் கையைவிட்டு நழுவிவிடும்.

அத்தகைய ஆண்டும் வந்தது. 2025-இல் சென்னை அணி 14 ஆட்டங்களில் நான்கில் மட்டுமே வென்று, பத்து அணிகளுள் பத்தாவதாய் நின்றது. அதன் வரலாற்றில் கடைசி இடம் அதுவே முதன்முறை. ஏப்ரல் 11 அன்று சேப்பாக்கத்தில் கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவர்களில் 103 ஓட்டங்களே எடுத்தது. கொல்கத்தாவோ 59 பந்துகள் எஞ்சியிருக்க 8 விக்கெட்டுகளால் வென்றது. அந்த வாரத்தில் நம் காலனியிலும் கொடியில் உலர்ந்த மஞ்சட் சட்டைகள் குறைந்தன என்பதைக் கண்ணுடையார் கண்டிருப்பர். ஆயினும் மே 7 அன்று, இனிக் கோப்பைக்கு வழியில்லை என்று தெரிந்த பின்னும் அவ்வணி ஈடனுக்கு வந்து ஆடியது. 180 என்னும் இலக்கைத் துரத்தி 2 விக்கெட்டுகளால் வென்றது. பெறுவதற்கு ஒன்றுமில்லாத அணி, கைவிடாமல் ஆடிய ஆட்டம் அது. அன்று அரங்கிலும் வீட்டிலும் மஞ்சள் அணிந்திருந்தவர்களே உண்மை அன்பர்கள் என்போம்.

இதிலும் நம் அண்டை வீட்டாரே நமக்கு ஆசான்கள். ஈஸ்ட் பெங்கால் கழகம் 2012-இல் ஃபெடரேஷன் கோப்பையை வென்ற பின், தேசிய அளவிலான கோப்பை ஒன்றைக் காண 2024 சனவரி வரை காத்திருந்தது. அதற்கிடையே எதிரணியாகிய மோகன் பகான் பட்டம் பல கண்டது. ஆனாலும் செம்பொன் சட்டையைப் பெட்டியில் பூட்டி வைத்தவர் அரியர். தாத்தா பிறந்த ஊரைக் கண்ணாலும் கண்டிராத பேரன் மழையில் நனைந்தபடி அரங்குக்குச் செல்கின்றான். வெற்றியை நம்பியா செல்கின்றான்? தாத்தாவின் நினைவை நம்பியன்றோ செல்கின்றான்!

நம்மை நாமே அளந்துகொள்ள இன்னோர் அளவுகோலும் உண்டு. நம் மாநிலத்து இளைஞரே ஆடும் அணி ஒன்று உளது. அதுவே தமிழ்நாடு ரஞ்சி அணி. 1954-55-இல் இந்தூரில் ஹோல்கார் அணியை வென்று, சென்னை மாநிலம் என்ற பெயரில் முதன்முறை கோப்பை பெற்றது. 1987-88-இல் இரண்டாம் முறை பெற்றது. அதன்பின் 2025 வரை அக்கோப்பை கிட்டவில்லை. அவ்வணியின் ஆட்டத்தை நம்முள் எத்தனை பேர் தொடர்கின்றோம்? அது இவ்வூருக்கு ஆட வந்தால் எத்தனை குடும்பங்கள் சோற்று மூட்டையோடு சென்று நிழலில் அமர்ந்து காண்போம்? வங்காள அணியின் கதையும் அதுவே: 1938-39, 1989-90 ஆகிய இருமுறை கோப்பை; அதன்பின் 2025 வரை காத்திருப்பு. எளிய அணிகளைப் போற்றுவதில் நாமும் வங்காள அன்பர்களும் ஒரே பெஞ்சில் அமரலாம்.

ஆகவே சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது: அடுத்த ஆண்டு சென்னையும் கொல்கத்தாவும் ஆடும் நாளில் நம் சங்கக் கூடத்தில் அனைவரும் ஒன்றாய் அமர்ந்து காண்போம். மஞ்சளும் ஊதாவும் சேர்ந்தே வரட்டும். அண்டை வீட்டு வங்காளக் குடும்பங்களையும் அழைப்போம். வருணனை தமிழில் ஒலிக்கட்டும். அவர்களுக்குப் பொருள் சொல்லும் பணி நம் பிள்ளைகளுடையதாகட்டும். மொழி பெயர்க்கும் பிள்ளை இரு மொழியையும் கற்பான்.

இரண்டாவது: அன்று எந்த அணி வென்றாலும், வென்றவர் தோற்றவர்க்கு இனிப்பு வழங்குதல் நம் காலனியின் வழக்கமாகட்டும். சென்னை வென்றால் கேசரி. கொல்கத்தா வென்றால் ரசகுல்லா. இல்சாவும் இறாலும் கண்ட நகரத்துக்கு நாம் அளிக்கும் சைவப் பதில் அதுவாகட்டும்!

மூன்றாவது: நம் இளைஞர் ஒவ்வோராண்டும் தாம் கண்ட ஓர் ஆட்டத்தைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுதட்டும். சிறந்ததை அடுத்த விழா மலரில் அச்சிடுவோம். எந்த அணியைப் போற்றி எழுதினாலும் தடையில்லை; தோற்ற ஆட்டத்தைப் பற்றி எழுதினால் மகிழ்ச்சி மிகுதி.

அன்பர்களே! வெல்லும் அணியின் பின்னே கூட்டம் சேர்வது உலக இயல்பு. மகள் வாழ்க்கைப்பட்டுப் போன ஊரில் பிறந்த வீட்டின் பெருமையைப் பேசுவாள். புகுந்த வீட்டையும் பழிக்கமாட்டாள். பிறந்த வீடு நொடித்துப்போன காலத்தில் அதன் பெயரைச் சொல்ல அவள் கூசுவதும் இல்லை. நாம் அந்த மகளைப் போன்றவர்கள். சென்னை வென்றால் விசில் அடிப்போம். தோற்றாலும் அதே சட்டையோடு கடைத்தெருவுக்குப் போவோம். கொல்கத்தா வென்றால் கை தட்டுவோம். அதுவும் நம் சோற்றுக்கு உப்பிட்ட ஊர்.

 வாழ்க தமிழ்! வாழ்க வங்கம்!